ஒண்டிக்கு ஒண்டி: நியூயார்க், பான், அப்புறம் கும்மிடிப்பூண்டி லோக்கல்

டிஸ்கி: செஸ் தெரியாதவங்க, சீட்டு தெரியாதவங்க ரெண்டு பேரும் தைரியமா படிக்கலாம். ரெண்டுமே தெரிஞ்சவங்க தப்பு இருந்தா பின்னூட்டத்துல காதைத் திருகலாம்.

எங்க ஊர் அத்திப்பட்டு. பேரைச் சொன்ன உடனே "சிட்டிசன் படத்துல காணாமப் போச்சே, அந்த ஊரா?"ன்னு கேக்காத ஆளை நான் இன்னும் பார்க்கலை. அது அத்திப்பட்டி, 2001ல வந்த சினிமாக் கற்பனை. இது அத்திப்பட்டு. எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர், அதுக்கு அடுத்த ஸ்டேஷன் நாங்க. காணாமல்லாம் போகலை. அனல் மின் நிலையத்துச் சாம்பல் மேல கொஞ்சம் படிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

2024 டிசம்பர் 8, ஞாயித்துக்கிழமை. கும்மிடிப்பூண்டியில ஒரு ரிசப்ஷனுக்கு நானும் பள்ளிக்கூடத்து நண்பன் ஒருத்தனும் லோக்கல் ட்ரெயின்ல போயிட்டிருந்தோம். அவன் அந்தப் பக்கம் சிப்காட்ல ஷிஃப்ட் வேலை பாக்கறவன். நான் பொட்டி தட்டறவன். என் மொபைல்ல சிங்கப்பூர் மேட்ச் ஓடிட்டிருந்தது, குகேஷ் - டிங் லிரென் பதினொண்ணாவது ஆட்டம். (அன்னிக்கு குகேஷ் ஜெயிச்சு ஒரு பாயிண்ட் முன்னால வந்தார். மறுநாள் டிங் திருப்பி அடிச்சார். 12ஆம் தேதி நம்மாளு உலக சாம்பியன்.) அதை எட்டிப் பார்த்துட்டு நண்பன் கேட்டான்:

"மச்சி, நம்மள விட நல்லா ஆடறவன்கூட ஒண்டிக்கு ஒண்டி மோதணும்னா எப்படிடா ரெடி ஆவாங்க?"

செஸ்ஸைப் பத்திக் கேக்கறான்னு நினைச்சேன். இல்ல. போக்கர். அவன் லைன்ல சீனியர் ஒருத்தர், அண்ணன்னுதான் கூப்பிடுவான். எப்பவும் அவர்தான் ஜெயிப்பாராம். இப்போ ஒரு மாசம், ராத்திரி ராத்திரி, ஆன்லைன்ல ரெண்டே பேர் உட்காரும் டேபிள்ல ஆடிப் பார்த்துடலாம்னு கூப்பிட்டிருக்கார். பிளைண்ட் 100-200 ரூபாய். நண்பன் கையில 40,000 இருக்கு. ஏலச்சீட்டு எடுத்த பணம். தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்குன்னு அவங்கம்மா கட்டின சீட்டு. சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய் சீட்டுலயே போடப் போறான்.

"அந்த அண்ணன் எப்ப ப்ளஃப் அடிப்பாரு, எப்ப லேட்டா பட்டனை அழுத்துவாருன்னு நோட்டு போட்டு வெச்சிருக்கேன்டா"ன்னான். நோட்டைக் காமிச்சான். உண்மையிலேயே நோட்டு, கோடு போட்டது.

"வேணாம்டா"ன்னு சொன்னா கேக்கற ஜாதி இல்ல அவன். அதனால மீஞ்சூர்ல ஆரம்பிச்சு ஆனந்த் கதையைச் சொன்னேன். ட்ரெயின்ல சொன்னதைக் கொஞ்சம் சரிபார்த்து, அங்க விட்டுப்போனதையும் சேர்த்து இங்க எழுதறேன்.

1995. நான் பொறக்கறதுக்கு முன்னாடி. விஸ்வநாதன் ஆனந்துக்கு அப்போ 25 வயசு. எதிரே காரி காஸ்பரோவ், பத்து வருஷமா உலக சாம்பியன். இடம் நியூயார்க் உலக வர்த்தக மையம், 107ஆவது மாடி. ஆரம்பிச்ச தேதி செப்டம்பர் 11. (ஆறு வருஷம் கழிச்சு அதே தேதியில அந்தக் கட்டடம் இல்லாமப் போச்சு. எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கு.) மொத்தம் 20 ஆட்டம்.

ஆனந்த் தயாராகாமப் போகலை. உபிலாவா, யூசுபோவ், ஸ்பீல்மன், பேட்ரிக் வுல்ஃப்னு நாலு கிராண்ட்மாஸ்டர் கூட இருந்தாங்க. முதல் எட்டு ஆட்டமும் டிரா. உலகத்துலயே பயங்கரமான ஆட்டக்காரர் எட்டு தடவை முட்டியும் கதவு திறக்கலை. ஒன்பதாவதுல ஆனந்த் ஜெயிச்சுட்டார்! மெட்ராஸ்ல அன்னிக்கு எத்தனை வீட்டுல பலகையைத் தூசி தட்டி எடுத்திருப்பாங்களோ.

பத்தாவது ஆட்டம். ஆறாவது ஆட்டத்துல டிரா எடுக்க உதவின அதே ஓப்பன் ஸ்பானிஷ் வழியில ஆனந்த் திரும்பப் போனார். தப்பு சொல்ல முடியாது. ஓடற கோடை யாராவது மாத்துவாங்களா? ஆனா இந்த இடைவெளியில காஸ்பரோவ் குழு அந்த வழியைத் தோண்டி வெச்சிருந்தது. பதினாலாவது நகர்த்தல்ல பிஷப்பைப் பின்னாடி இழுத்து, மூலையில இருந்த யானையை "எடுத்துக்கோ"ன்னு விட்டார். ஆனந்த் முக்கால் மணி நேரம் போல யோசிச்சார். காஸ்பரோவ் தன் நகர்த்தல்களை டக்கு டக்குன்னு வெச்சுட்டு எழுந்து வெளிய போவார். போகும்போது கதவை டமால்னு சாத்துவார். அடுத்த நகர்த்தல், மறுபடி டமால். ஆட்டம் முடிஞ்சது.

இதுல வலிக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த யானை பலி யோசனையோட விதை மிகயில் தால் போட்டது. 1992ல காலமான முன்னாள் உலக சாம்பியன். சின்னப் பையனா ஆனந்த் செஸ் கத்துக்கிட்டது எங்க? சென்னை சோவியத் கலாச்சார மையத்துல, மானுவல் ஆரோன் ஆரம்பிச்ச தால் செஸ் கிளப்புல. எந்த மனுஷன் பேர் வெச்ச கிளப்புல வளர்ந்தாரோ, அதே மனுஷனோட யோசனை 107ஆவது மாடியில வந்து அடிச்சது.

ஆனா என்னைக் கேட்டா ஆனந்த் மேட்சைத் தோத்தது பத்தாவதுல இல்ல, பதினொண்ணாவதுல. பத்தாவது, எதிராளி வீட்டுல சமைச்சுக் கொண்டுவந்தது. அது யாருக்கும் நடக்கும். அடுத்த ஆட்டத்துல காஸ்பரோவ் கறுப்புக் காய்ல சிசிலியன் டிராகன் ஆடினார். அவர் அதை ஆடுவார்னு யாரும் எதிர்பார்க்கலை. ஒண்ணும் கெட்டுப்போகாத நிலைமையில இருந்து ஆனந்த் ஒரே ஒரு தப்பு நகர்த்தல்ல விழுந்தார். அங்க பலகை தோக்கலை, மனசு தோத்துச்சு. பத்துலேர்ந்து பதினாலு வரைக்கும் அஞ்சு ஆட்டம், அதுல நாலு காஸ்பரோவுக்கு. கடைசி கணக்கு 10.5 - 7.5. ரெண்டு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே மேட்ச் முடிஞ்சது.

"அப்ப ரெடி ஆகறதே வேஸ்ட்டா?"ன்னான் நண்பன். பொன்னேரி வந்திருந்தது. முறுக்கு வாங்கினோம்.

வேஸ்ட் இல்ல. எதுக்கு ரெடி ஆகறோம்ங்கறதுதான் விஷயம். அந்த 1995 காஸ்பரோவ் குழுவுல உதவிக்கு இருந்த ஒரு இளைஞர் பேரு விளாடிமிர் கிராம்னிக். எல்லாத்தையும் பக்கத்துல இருந்து பார்த்திருக்கார். 2000ல லண்டன்ல அதே காஸ்பரோவுக்கு எதிரா இவரே உட்கார்ந்தார். என்ன பண்ணினார்? காஸ்பரோவோட பலம் எது? ராணி, யானை எல்லாம் பலகையில இருக்கும்போது பொறி பறக்கற தாக்குதல். கிராம்னிக் பெர்லின் தற்காப்புன்னு பழைய பெட்டியில கிடந்த ஒண்ணை எடுத்துட்டு வந்தார். சீக்கிரமே ரெண்டு ராணியும் வெட்டுப்பட்டுடும். அப்புறம் எங்க பொறி பறக்கறது? 15 ஆட்டத்துல காஸ்பரோவால ஒண்ணுகூட ஜெயிக்க முடியலை. 8.5 - 6.5. கிராம்னிக் காஸ்பரோவை விடப் பெரிய ஆள் ஆகிட்டாரா? என் கணக்குல இல்ல. சண்டை நடக்கற தெருவை இவர் தேர்ந்தெடுத்தார்.

இப்போ 2008. நான் ஆறாங்கிளாஸ். அப்பா பேப்பர்ல ஸ்கோரைப் பென்சில்ல வட்டம் போட்டு வெப்பார். ஆனந்த் உலக சாம்பியன்தான், ஆனா 2007 மெக்சிகோ பட்டம் பல பேர் ஆடின போட்டியில வந்தது. பட்டத்தை ஆனந்த்கிட்ட தற்காலிகமா இரவல் கொடுத்திருக்கேன்ங்கற மாதிரி கிராம்னிக் பேசினார். ஒண்டிக்கு ஒண்டி மேட்ச்ல கிராம்னிக் கில்லாடி, ஆனந்த் அந்த அழுத்தத்தைத் தாங்க மாட்டார்னு ஒரு பேச்சு. 1995 அதுக்கு சாட்சி. மேட்சுக்கு முந்தின மாசம் பில்பாவோ போட்டியில ஆனந்த் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காம கடைசி இடம். போச்சுடான்னு அப்பாவே சொன்னார்.

உண்மையில நடந்தது வேற. ஆனந்த் தன் குழுவோட ஜெர்மனியில கதவைச் சாத்திக்கிட்டு உழைச்சிட்டிருந்தார். டென்மார்க்கின் பீட்டர் ஹெய்ன நீல்சன், உஸ்பெகிஸ்தானின் காசிம்ஜானோவ், கொல்கத்தாவின் சூர்யசேகர் கங்குலி, போலந்தின் வோய்தாஷெக். இந்த தடவை கேள்வியே வேற. "கிராம்னிக் ஆடறதை எப்படி சமாளிக்கறது?" இல்ல, "கிராம்னிக் எங்க நிக்க விரும்ப மாட்டார்?"

வாழ்நாள் முழுக்க ராஜாவுக்கு முன்னாடி இருக்கற சிப்பாயைத் தள்ளி ஆரம்பிச்ச மனுஷன், பான் நகர கலைக்கூடத்துல ராணிச் சிப்பாயைத் தள்ளினார். கிராம்னிக் மாசக்கணக்கா தயார் பண்ணினதுல பெரும்பகுதி அந்த ஒரு நகர்த்தல்ல குப்பைக்குப் போயிருக்கும். நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் கேஸ் எல்லாம் எழுதி முடிச்ச அன்னிக்கு கிளையண்ட் ரிக்வயர்மென்ட்டை மாத்தின மாதிரி. (இந்த வலி தெரிஞ்சவங்க கை தூக்குங்க.)

மூணாவது ஆட்டம், ஆனந்துக்குக் கறுப்பு. மெரான் வழி. ஒரு சிப்பாயைக் கொடுத்துட்டு, தன் ராஜாவை நடு ரோட்டுல நிறுத்திட்டு, யானையை வெள்ளை ராஜா பக்கமா திருப்பினார். காய்களைச் சுத்தமா அடுக்கி வெச்சு நெரிக்கறதுதான் கிராம்னிக் பாணி. இங்க வீடே தலைகீழா கிடக்கு. ஆனந்த் ஜெயிச்சார். அஞ்சாவது ஆட்டத்துல கிராம்னிக் அதே வழிக்குத் திரும்ப வந்தார், ஓட்டையைக் கண்டுபிடிச்சிருப்போம்ங்கற நம்பிக்கையில. இது அப்படியே 1995 பத்தாவது ஆட்டம் இல்லையா? ஆனா ஆனந்த் இதை எதிர்பார்த்து ஒரு இடத்துல வரிசையை மாத்தி வெச்சிருந்தார். கடைசியில கிராம்னிக் ஒரு சிப்பாய் சும்மா கிடைக்குதுன்னு எடுத்தார். சில நகர்த்தல் தள்ளி ஒரு குதிரை வந்து கதையை முடிச்சது. ஆறாவதும் ஆனந்துக்கு. பத்தாவதை கிராம்னிக் எடுத்தார். பதினொண்ணாவதுல டிரா, 6.5 - 4.5. மேட்ச் முடிஞ்சது. அந்தக் கடைசி ஆட்டத்துல ஆனந்த் திரும்ப ராஜா சிப்பாய்க்கு வந்தார் பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

இதுக்கும் ஒரு எல்லை உண்டு. 2013ல சென்னையிலயே கார்ல்சன் வந்தப்போ, தொடக்கத்துல பெரிய சண்டையே வேணாம், எதையோ ஒண்ணை ஆடிட்டு அஞ்சு மணி நேரம் உட்கார்ந்து பிழியறேன்னு வந்தார். 6.5 - 3.5. அதை விடுங்க, பேசினா மனசு ஆறாது.

"சூப்பர்டா. அப்ப நானும் அந்த அண்ணனுக்குப் பிடிக்காத இடத்துக்கு இழுத்துட்டுப் போறேன்"னான். நான் பயந்த பதில் இதுதான்.

ஏன்னா போக்கர்ல அந்த மாதிரி தெரு கம்மி. சின்ன வயசுல புளியங்கொட்டையை உள்ளங்கையில மூடி வெச்சு "ஒத்தையா ரெட்டையா?" விளையாடியிருப்பீங்க. நீங்க எப்பவும் ஒத்தையே வெச்சா நான் பிடிச்சுடுவேன். மாத்தி மாத்தி வெச்சாலும் கொஞ்ச நேரத்துல பிடிச்சுடுவேன். ஆனா காசு சுண்டிப் பார்த்து, விழுந்த மாதிரி வெச்சீங்கன்னா? நான் ஐன்ஸ்டைனா இருந்தாலும் பாதிக்கு மேல ஜெயிக்க முடியாது. 1928ல வான் நாய்மன் நிரூபிச்சது இதோட பெரிய வடிவம்தான். ரெண்டு பேர், ஒருத்தன் இழந்தது இன்னொருத்தனுக்கு வரவுன்னா, எவனாலும் உடைக்க முடியாத ஒரு கலவை கண்டிப்பா இருக்கும். போக்கருக்கும் இருக்கு. 2015 ஜனவரியில கனடாவோட ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, பந்தயத் தொகைக்கு வரம்பு வெச்ச ரெண்டு பேர் போக்கரை ஏறக்குறைய முழுசாவே தீர்த்துட்டதா அறிவிச்சது. 4,800 பிராசசர் கோர், 68 நாள் ஓட்டம்.

2017ல லிப்ராட்டஸ்னு ஒரு நிரல், வரம்பில்லாத ஆட்டத்துல, பிட்ஸ்பர்க்ல நாலு தொழில்முறை ஆட்டக்காரங்களோட மோதிச்சு. 20 நாள், 1,20,000 கை. 17.66 லட்சம் டாலர் மதிப்புள்ள சில்லுகளை வாரிடுச்சு. பொறியாளனா எனக்கு இதுல ஆச்சரியமான விஷயம்: ராத்திரி ராத்திரி அது எதிராளிங்களோட பலவீனத்தைப் படிக்கலை. இன்னிக்கு எந்த இடத்துல நம்மள நோண்டிப் பார்த்தாங்கன்னு எடுத்து, அந்த ஓட்டையை அடைச்சுது. நண்பன் நோட்டுல முழுக்க அந்த அண்ணனைப் பத்தி. தன்னைப் பத்தி ஒரு வரி இல்ல.

மனுஷங்க மோதினதையும் சொல்றேன். 2020 நவம்பர்ல டேனியல் நேக்ரியானு, டக் போல்க்னு ரெண்டு பேர் ஒண்டிக்கு ஒண்டி இறங்கினாங்க. நேக்ரியானு உலகப் புகழ், அப்போ ஆறு உலகத் தொடர் பட்டம். ஆனா ரெண்டு பேர் ஆட்டம் போல்க்கோட கோட்டை. பிளைண்ட் 200-400 டாலர், 25,000 கை. முதல் 200 கை நேர்ல, மத்தது ஆன்லைன்ல. நேக்ரியானு பயிற்சியாளர் வெச்சு, மென்பொருள் வெச்சுப் படிச்சார். முதல் நாள் லாபத்துல எழுந்தார். 2021 பிப்ரவரியில முடியும்போது போல்க்குக்கு சுமார் 12 லட்சம் டாலர் லாபம்.

இப்போ கணக்கு. 12 லட்சத்தை 25,000 கையால வகுத்தா கைக்கு 48 டாலர். பெரிய பிளைண்ட்ல எட்டுல ஒரு பங்குகூட இல்ல. அவ்வளவு மெல்லிசு அந்த வித்தியாசம். ஒரு கையோட ஏத்த இறக்கம் சுமாரா 17 பிளைண்ட்னு வெச்சுக்கிட்டு நான் போட்டுப் பார்த்தேன்: 300 கை மட்டும் ஆடினா பலவீனமானவனுக்கு நூத்துக்கு 45 வாய்ப்பு, கிட்டத்தட்ட பூவா தலையா. 25,000 கை ஆடினா 13தான். அதாவது நேக்ரியானுவுக்கு உண்மையான தயாரிப்பு மென்பொருள் இல்ல, 25,000ங்கற நம்பரை ஒத்துக்காம இருந்திருக்கணும். "ஒரு மாசம் ஆடலாம்"னு அந்த அண்ணன் ஏன் சொன்னார்னு இப்போ புரியுதா?

நண்பன் நிலைமை அதைவிட மோசம். 40,000 ரூபாய்னா 200 பிளைண்ட். 17 பிளைண்ட் ஆட்டம் காட்டற இடத்துல இது ரெண்டு மூணு ராத்திரிக்குக் காணாது. ஒரு மாசம் எங்க? அதுவும் 40,000 முழுசா மேசைக்கு வராது. 2023 அக்டோபர்லேர்ந்து அப்போ போடற பணத்துக்கே 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது, அதுல 8,750 அங்கயே வரி. (சில தளங்கள் போனஸ்னு திருப்பிக் கொடுத்தாங்க.) ஒவ்வொரு பானையிலயும் தளத்துக்கு ஒரு கமிஷன். ஜெயிச்சு எடுத்தா 30 சதவீதம் பிடித்தம். அந்த அண்ணனுக்கும் இதே கதிதான். ரெண்டு பேரையும் விடப் பலமான மூணாவது ஆள் சீட்டே எடுக்காம உட்கார்ந்திருந்தான்.

சட்டப்படி தப்பான்னு கேட்டான். அப்போ இல்ல. தமிழ்நாட்டோட தடைச் சட்டத்துல ரம்மியையும் போக்கரையும் சேர்த்தது செல்லாதுன்னு, அது ரெண்டும் திறமை ஆட்டம்னு, 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. திறமை ஆட்டம்தான், நானும் ஒத்துக்கறேன். மேல இருக்கற கணக்கே அதுக்கு சாட்சி. திறமை கம்மியா இருக்கறவனுக்கு அதுதான் கெட்ட செய்தியே.

அவன் ஒண்ணும் சொல்லலை. கவரைப்பேட்டை தாண்டினதும் நோட்டை மடிச்சு பையில வெச்சான். ரிசப்ஷன்ல ரெண்டு தடவை ஐஸ்கிரீம் வாங்கினான்.

என் கதை வேலை செஞ்சுதான்னு கேக்கறீங்களா? பாதி. 30,000த்தை அம்மா கையில கொடுத்துட்டான். 10,000த்தைப் போட்டு 50-100 பிளைண்ட்ல ரெண்டு ராத்திரி ஆடியிருக்கான். முதல் ராத்திரி 4,000 லாபம். ரெண்டாவது ராத்திரி எல்லாம் போச்சு. "அண்ணன் நல்லா ஆடறாருடா"ன்னு மட்டும் சொன்னான். ஃபீஸுக்குக் குறைஞ்ச பணத்தை ஓவர்டைம் பார்த்துக் கட்டினான். தங்கச்சிக்கு இன்னும் தெரியாது.

2025 ஆகஸ்ட்ல ஒன்றிய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டம் மொத்தத்துக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்துச்சு. பெரிய தளங்கள் பணம் வெச்சு ஆடறதை நிறுத்திட்டு, மிச்சம் இருந்ததை எடுத்துக்கச் சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி நண்பன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அவன் கணக்குல 112 ரூபாய் இருந்திருக்கு, பேங்க்குக்கு வந்துடுச்சாம். கீழ ஒரு வரி: "மச்சி, முறுக்கு வாங்கலாம்."